தவறு செய்யும் வசதி



தமிழ்ச் சங்க மேடை என்றால் கம்பனைப் பற்றிப் பேச வேண்டும், வள்ளுவரைப் பற்றிப் பேச வேண்டும். இன்று நான் பேச வந்திருப்பது அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றி. பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். நம் பிள்ளைகள் இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில்தான் படிக்கிறார்கள். செப்டம்பர் பிறந்துவிட்டால் சனிக்கிழமைகளில் அவர்கள் நம் தொலைபேசி அழைப்பை எடுப்பதில்லை. முகத்தில் சாயம் பூசிக்கொண்டு ஸ்டேடியத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டேடியத்தில் 1,07,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஒரு ஊரையே உள்ளே வைத்துப் பூட்டிவிடலாம்! இத்தனை பேரைக் கட்டிப்போடும் ஒரு விளையாட்டைப் பற்றி நாம் ஒரு மாலைப் பொழுது யோசித்தால் குற்றமில்லை.

என் பொருள் இதுதான்: சில பல்கலைக்கழக அணிகள் எவ்வளவு முயன்றாலும் பழம்பெரும் அணிகளை எட்டிப் பிடிக்க முடியாமல் தவிப்பது ஏன்?

முதலில் ஒரு தவறான விடையைத் தள்ளிவைத்துவிடுவோம். "அவர்கள் ரொம்ப காலமாக ஆடுகிறார்கள், அதனால் ஜெயிக்கிறார்கள்" என்று சிலர் சொல்வார்கள். இந்த விளையாட்டின் முதல் ஆட்டம் எப்போது நடந்தது தெரியுமா? 1869 நவம்பர் 6. நியூ ஜெர்சியில் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் மோதின. 6-4 என்று வென்றது ரட்கர்ஸ். வரலாற்றின் முதல் வெற்றியே அவர்களுடையது! ஆனால் இன்று ரட்கர்ஸ் எங்கே இருக்கிறது? 2014-இல் பிக் டென் என்ற கான்ஃபரன்ஸில், அதாவது பல்கலைக்கழகக் கூட்டமைப்பில், சேர்ந்தது. இன்றுவரை அதன் பட்டத்தைத் தொட்டதில்லை. ஆகவே வயது மட்டும் வலிமை தராது. வேறு ஏதோ ஒன்று இருக்கிறது. அந்த ஒன்றைத்தான் இன்று தேடப் போகிறோம்.

நண்பர்களே, 2024 அக்டோபர் 5-ஆம் தேதிக்கு உங்களை அழைத்துப் போகிறேன். இடம் நாஷ்வில். நாட்டின் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அலபாமா வந்திருக்கிறது. எதிரே வாண்டர்பில்ட். 1932-இல் சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் தொடங்கியபோதே அதில் இடம்பெற்ற பல்கலைக்கழகம். அன்றிலிருந்து ஒரு முறைகூட அந்தக் கூட்டமைப்பின் பட்டத்தை வெல்லாத பல்கலைக்கழகம். 1984-க்குப் பிறகு அலபாமாவை அவர்கள் தோற்கடித்ததே இல்லை. அன்று வென்றார்கள். 40-35! மாணவர்கள் மைதானத்தில் பாய்ந்தார்கள். கோல் கம்பத்தைப் பிடுங்கினார்கள். தோளில் தூக்கிக்கொண்டு நகரத்தின் நடுத்தெரு வழியே ஊர்வலமாகப் போய்க் கம்பர்லேண்ட் ஆற்றில் தூக்கிப் போட்டார்கள்.

மகிழ்ச்சிதான். கொண்டாட்டம்தான். ஆனால் அதே வாண்டர்பில்ட், அதற்கு மூன்று வாரம் முன்பு ஜார்ஜியா ஸ்டேட் என்ற எளிய அணியிடம் தோற்றிருந்தது. அந்தப் பருவத்தை அவர்கள் ஏழு வெற்றி, ஆறு தோல்வியோடு முடித்தார்கள்.

ஆக, ஒரு சனிக்கிழமை யாரும் யாரையும் வெல்லலாம். கேள்வி அதுவல்ல. ஒவ்வொரு சனிக்கிழமையும் வெல்வது யார்? ஒவ்வோர் ஆண்டும் வெல்வது யார்?

முதல் நிலைப் பிரிவில் 130-க்கும் மேற்பட்ட அணிகள் ஆடுகின்றன. தேசியப் பட்டத்தைத் தீர்மானிக்கும், நான்கு அணிகள் கொண்ட பிளேஆஃப் முறை 2014 பருவம் முதல் 2023 பருவம் வரை பத்து ஆண்டுகள் நடந்தது. பத்துப் பட்டங்கள். வென்றவர்கள் எத்தனை பேர்? ஆறே பேர். அலபாமா மூன்று, கிளெம்சன் இரண்டு, ஜார்ஜியா இரண்டு; ஒஹாயோ ஸ்டேட், எல்.எஸ்.யூ., மிச்சிகன் தலா ஒன்று. இன்னொன்றும் சொல்கிறேன். 1996 பருவத்தில் புளோரிடா பல்கலைக்கழகம் முதல் முறையாகத் தேசியப் பட்டம் வென்றது. அதற்குப் பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், பட்டியலில் ஒரு புதிய பெயர்கூட ஏறவில்லை! கூட்டமோ 130 பேர். கோப்பையோ பழையவர்கள் கையிலேயே சுற்றிச் சுற்றி வந்தது.

ஏன்? பணமா? பணம்தான், ஆனால் பணம் மட்டும் இல்லை. திறமையா? திறமைதான், ஆனால் திறமை மட்டும் இல்லை. நான் சொல்ல வந்த விடை ஒன்றே ஒன்று. பழம்பெரும் அணிகளிடம் இருப்பதும் மற்றவர்களிடம் இல்லாததும் எது? தவறு செய்யும் வசதி. ஆம், தவறு செய்துவிட்டு, அதிலிருந்து பிழைத்து எழும் வசதி. பெரிய அணி தவறு செய்தால் ஐந்தாண்டு வீண். சிறிய அணி தவறு செய்தால் ஒரு தலைமுறை வீண்.

வெறும் பேச்சாகச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். இரண்டு பல்கலைக்கழகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.

முதலாவது அலபாமா. 1958 முதல் 1982 வரை 'பேர்' பிரையன்ட் என்ற மாபெரும் பயிற்சியாளர் ஆறு தேசியப் பட்டங்களை அங்கே குவித்தார். ஆனால் 1990-களின் பிற்பகுதியிலிருந்து பத்தாண்டு காலம் அலபாமா தடுமாறியது. ஆள் சேர்ப்பில் நடந்த முறைகேட்டுக்காக 2002-இல் கடும் தண்டனை வந்தது. பருவ முடிவில் நடக்கும் பவுல் ஆட்டங்களுக்கு இரண்டு ஆண்டு தடை. வீரர்களுக்கான உதவித்தொகை இடங்கள் பறிப்பு. பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 2003-இல் ஒரு பயிற்சியாளர் ஒரு ஆட்டம்கூட நடத்தாமலே வெளியேற்றப்பட்டார். இதைவிடக் குழப்பம் ஒரு அணிக்கு வர முடியுமா?

பிறகு என்ன நடந்தது? 2007-இல் நிக் சேபன் என்ற பயிற்சியாளரை ஆண்டுக்கு 40 லட்சம் டாலர் சம்பளத்தில் அழைத்து வந்தார்கள். அந்த ஏப்ரலில் அணி தனக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஒரு பயிற்சி ஆட்டம் ஆடியது. எதிரணி கிடையாது. வெற்றி தோல்வி கிடையாது. புள்ளிப் பட்டியலில் ஏறாத வெறும் ஒத்திகை. அதைப் பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர்? 92,138 பேர்! பத்தாண்டு தடுமாற்றத்துக்குப் பிறகும் அத்தனை பேர் காத்திருந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் லூசியானா-மன்றோ என்ற சிறிய அணியிடம் சொந்த மண்ணிலேயே அலபாமா 21-14 என்று தோற்றது. யாராவது கதவைச் சாத்தினார்களா? இல்லை. இரண்டே ஆண்டில், 2009 பருவத்தில், ஒரு தோல்வியும் இல்லாமல் தேசியப் பட்டம். அடுத்த பதினொரு ஆண்டுகளில் மேலும் ஐந்து பட்டங்கள்.

இப்போது இரண்டாவதைப் பாருங்கள். டெக்சாஸ் மாநிலம் டாலஸ் நகரத்துச் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம். சுருக்கமாக எஸ்.எம்.யூ. 1980-களின் தொடக்கத்தில் இவர்கள் நாட்டையே மிரட்டிய அணி. எரிக் டிக்கர்சன் என்ற நட்சத்திர வீரர் ஓடிய அணி. 1982 பருவத்தில் ஒரு தோல்வியும் காணாமல் தரவரிசையில் இரண்டாம் இடம் பிடித்த அணி. இவர்களும் தவறு செய்தார்கள். வீரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தார்கள். தண்டித்த பிறகும் கொடுத்தார்கள். 1987-இல் வந்தது தீர்ப்பு. அந்தப் பருவம் முழுக்க ஆடக் கூடாது! அடுத்த பருவத்தில் ஆட ஆளே இல்லாமல் பல்கலைக்கழகமே விலகிக்கொண்டது. 1989-இல் திரும்பி வந்தார்கள். அடுத்த பவுல் ஆட்டம் எப்போது கிடைத்தது? 2009 டிசம்பரில்.

ஒருவருக்கு 2009 தேசியப் பட்டம் தந்த ஆண்டு. இன்னொருவருக்கு அதே 2009 இருபது ஆண்டு வனவாசம் முடிந்த ஆண்டு. தண்டனையின் அளவு ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். எஸ்.எம்.யூ. செய்ததை நியாயப்படுத்தவும் நான் வரவில்லை. ஆனால் விழுந்தபோது தாங்கிப் பிடிக்க அலபாமாவுக்கு 92,000 பேர் இருந்தார்கள். எஸ்.எம்.யூ.வுக்கு யார் இருந்தார்கள்?

சரி, இந்த வசதி எங்கிருந்து வருகிறது? மூன்று இடங்களிலிருந்து வருகிறது. ஆளிலிருந்து வருகிறது. இடத்திலிருந்து வருகிறது. பணத்திலிருந்து வருகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஆள். கால்பந்தில் முதல் வரிசை வீரன் காயம்பட்டால் இரண்டாம் வரிசைக்காரன் இறங்க வேண்டும். அவனும் விழுந்தால் மூன்றாமவன். பெரிய அணியின் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருப்பவன், சின்ன அணியில் முதல் நாளே கேப்டனாக இருக்கக்கூடியவன்! 1973-க்கு முன்பு உதவித்தொகைக்குத் தேசிய அளவில் உச்சவரம்பே கிடையாது. பணக்கார அணிகள் தங்களுக்குத் தேவையில்லாத வீரர்களையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். எதிரிக்குப் போகாமல் இருந்தால் போதும் என்பது கணக்கு. 1973-இல் 105 என்று வரம்பு வந்தது. 1978-இல் 95. 1990-களில் 85. வரம்பு குறையக் குறைய நல்ல வீரர்கள் மற்ற அணிகளுக்கும் கசிந்தார்கள்.

கசிந்தார்கள், சரி. சமமானதா? ஆகவில்லை. 2024 பருவம் வரை 85 இடம் இவருக்கும் இருந்தது, அவருக்கும் இருந்தது. ஆனால் அந்த 85 இடத்தில் யார் உட்கார்ந்தார்கள்? பதினேழு வயதுப் பையன் ஒருவனிடம் இரண்டு கடிதம் இருக்கிறது. ஒன்று ஆண்டுதோறும் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கின் அணிகளுக்கு வீரர்களை வரிசையாக அனுப்பும் பல்கலைக்கழகத்திலிருந்து. மற்றொன்று எப்போதாவது ஒருவரை அனுப்பும் பல்கலைக்கழகத்திலிருந்து. அவன் அம்மா எதைப் பிரிக்கச் சொல்வார்? நம் வீட்டில் என்றால் நாம் எதைப் பிரிக்கச் சொல்வோம்?

இதன் விளைவை ஒரே இரவில் காட்டிய ஆட்டம் ஒன்று உண்டு. 2022 பருவத்தில் டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம், டி.சி.யூ., யாரும் எதிர்பாராமல் மேலே மேலே ஏறி வந்தது. அரையிறுதியில் மிச்சிகனை 51-45 என்று சாய்த்தது. நாடே எழுந்து நின்று கைதட்டியது. இறுதி ஆட்டம் 2023 ஜனவரி 9. எதிரே ஜார்ஜியா. முடிவு? 65-7! டி.சி.யூ. வீரர்கள் துணிச்சலில் குறைந்தவர்கள் இல்லை. வலது பக்கம் பார்த்தாலும் இடது பக்கம் பார்த்தாலும் ஜார்ஜியாவின் வரிசை முடியவே இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, இடம். ஊர் விருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பந்தியில் உட்கார்ந்தவனுக்கு இலை நிறையப் பரிமாறுவார்கள். மூன்றாம் பந்திக்காரனுக்குப் பாயசம் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அவன் பசி குறைந்தவன் என்று அர்த்தமா? கல்லூரிக் கால்பந்தின் முதல் பந்தி எது? பெரிய கான்ஃபரன்ஸ்கள்.

1984 வரை தொலைக்காட்சியில் யார் எத்தனை முறை தோன்றலாம் என்பதை என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பே கட்டுப்படுத்தியது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத் தரப்பு வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது. அன்று முதல் கான்ஃபரன்ஸ்கள் தாங்களே விலை பேசலாம். பேசினார்கள்! இன்று பிக் டென் கூட்டமைப்பின் ஏழாண்டு ஒப்பந்தம் மட்டும் 700 கோடி டாலருக்கு மேல். உள்ளே இருந்தால் தோற்றாலும் பங்கு வரும். வெளியே இருந்தால் வென்றாலும் வராது.

வென்றாலும் வராதா? மிகைப்படுத்துகிறேனா? சென்ட்ரல் புளோரிடா பல்கலைக்கழகத்தின் கதையைக் கேளுங்கள். யூ.சி.எஃப். என்பார்கள். கால்பந்து தொடங்கியதே 1979-இல்தான். 2017 பருவத்தில் ஆடிய ஆட்டம் எல்லாவற்றிலும் வென்றார்கள். தேர்வுக் குழு அவர்களுக்குக் கொடுத்த இடம் என்ன தெரியுமா? பன்னிரண்டு! பிளேஆஃபுக்குப் போனது நான்கு அணிகள். யூ.சி.எஃப். பீச் பவுலில் ஆபர்னோடு மோதி 34-27 என்று வென்றது. அந்த ஆபர்ன் யார்? அதே பருவத்தில் அலபாமாவையும் ஜார்ஜியாவையும் தோற்கடித்த அணி. தேசியப் பட்டத்துக்கு மோதியவர்கள் யார்? அலபாமாவும் ஜார்ஜியாவும்! ஆபர்னிடம் தோற்ற இருவர் இறுதி ஆட்டம் ஆடினார்கள். ஆபர்னை வென்ற யூ.சி.எஃப். வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்தது. அலபாமாவுக்கு ஒரு தோல்வி மன்னிக்கப்பட்டது. யூ.சி.எஃப்.புக்கு மன்னிக்க ஒரு தோல்விகூட இல்லை; அப்படியும் இடம் இல்லை.

இடம் போனால் என்ன ஆகும் என்பதை 2022-லும் 2023-லும் மேற்குக் கரை பார்த்தது. நூறாண்டு கடந்த பேக்-12 கூட்டமைப்பிலிருந்து பத்துப் பல்கலைக்கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொண்டன. மிஞ்சியவை இரண்டு. ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். அவர்கள் செய்த தவறு என்ன? பெரிய தொலைக்காட்சிச் சந்தை இல்லாத சிற்றூரில் இருந்தது. அது ஒரு தவறா?

இடத்தின் விலை எவ்வளவு என்று கேட்டால் நம் எஸ்.எம்.யூ.வையே கேட்கலாம். 2024-இல் அவர்கள் ஏ.சி.சி. கூட்டமைப்பில் சேர்ந்தார்கள். எப்படிச் சேர்ந்தார்கள்? ஒன்பது ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சிப் பங்கே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துச் சேர்ந்தார்கள். பரிமாற வேண்டாம், உட்கார விட்டால் போதும் என்றார்கள்! சேர்ந்த முதல் ஆண்டிலேயே பிளேஆஃபுக்கும் போனார்கள். உட்காரும் இடம் எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மூன்றாவது, பணம். பணம் எதை வாங்குகிறது? நல்ல மைதானம், நல்ல விடுதி, நல்ல மருத்துவர், எல்லாம் சரி. எல்லாவற்றுக்கும் மேலாகப் பணம் இன்னொரு வாய்ப்பை வாங்குகிறது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் தன் பயிற்சியாளரை நீக்கியது. ஒப்பந்தப்படி அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்த தொகை ஏழரைக் கோடி டாலருக்கு மேல். வேலை செய்வதற்காகக் கொடுத்த பணம் இல்லை, ஐயா! வேலை செய்யாமல் வீட்டுக்குப் போவதற்காகக் கொடுத்த பணம்! நாட்டின் எத்தனையோ பல்கலைக்கழகங்கள் அப்படி ஒரு தவறைச் செய்தால் கால்பந்துத் துறையையே இழுத்து மூட வேண்டியதுதான். ஏ அண்ட் எம் அடுத்த பயிற்சியாளரைத் தேடப் போனது.

பணம் உள்ளவன் சின்ன அணியின் உழைப்பையும் வாங்கிவிடுகிறான். யூ.சி.எஃப்.பைத் தோல்வியே இல்லாமல் நடத்திச் சென்ற பயிற்சியாளர் ஸ்காட் ஃபிராஸ்ட் அந்தப் பருவம் முடியும் முன்பே நெப்ராஸ்காவோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். சின்ன அணிக்கு இது சாபம். தோற்றால் பயிற்சியாளரை நீங்கள் அனுப்புகிறீர்கள். ஜெயித்தால் பெரியவர்கள் வந்து அழைத்துப் போகிறார்கள். எப்படிப் பார்த்தாலும் மறுபடி முதல் படி!

ஆனால் அன்பர்களே, இங்கே கதை திரும்புகிறது. ஃபிராஸ்ட் போன இடம் எது? நெப்ராஸ்கா. ஐந்து தேசியப் பட்டங்கள் பெற்ற அணி. கடைசிப் பட்டம் 1997 பருவத்தில் வென்றபோது களத்தில் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக நின்றவரே இந்த ஃபிராஸ்ட்தான். 1962 முதல் அவர்களுடைய ஸ்டேடியத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சீட்டு விற்றுத் தீர்கிறது. தவறு செய்யும் வசதி நிறைந்து கிடந்த இடம். அந்த வசதியை அவர்கள் என்ன செய்தார்கள்? 2003-இல் ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி கண்ட பயிற்சியாளரை நீக்கினார்கள். 2014-இல் அதே ஒன்பது, மூன்று, அவரையும் நீக்கினார்கள். 2011-இல் பிக் டென்னுக்கு மாறியபோது, வீரர்களை அள்ளித் தந்த டெக்சாஸ் மாநிலத்தோடு இருந்த பழைய உறவு அறுந்தது. நெப்ராஸ்காவின் மக்கள்தொகை ஏறக்குறைய 20 லட்சம்தான். வெளியிலிருந்து ஆள் வராமல் அங்கே அணி நிற்காது. ஊர்ப் பிள்ளை ஃபிராஸ்ட் மீட்டுத் தருவார் என்று நம்பினார்கள். 16 வெற்றி, 31 தோல்வி. 2022-இல் அவரும் நீக்கப்பட்டார். 2017 முதல் 2023 வரை ஏழு பருவங்கள் ஒரு பவுல் ஆட்டம்கூட இல்லை.

ஆகவே தவறு செய்யும் வசதி என்பது வற்றாத ஊற்று இல்லை. செலவழித்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் தீரும்.

வசதி இல்லாதவர்கள் என்ன செய்வது? கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதா? இல்லை. இருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒருவர் பில் ஸ்னைடர் என்ற பயிற்சியாளர். 1988-இன் இறுதியில் கேன்சஸ் ஸ்டேட் அணியைக் கையில் எடுத்தார். அன்று முதல் நிலைப் பிரிவிலேயே மோசமான வரலாறு கொண்ட அணி அது. தொடர்ந்து 27 ஆட்டங்கள் வெற்றியே பார்க்காத அவலத்தின் நடுவில் வந்தார். முதல் ஆண்டு ஒரே ஒரு வெற்றி. அவரிடம் தவறு செய்ய இடம் இருந்ததா? துளியும் இல்லை. என்ன செய்தார்? கூட்டமைப்புக்கு வெளியே எளிய எதிரிகளாகப் பார்த்து ஆட்டம் வைத்தார். கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டார்; வெல்லும் பழக்கத்தை முதலில் வீரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பெரிய அணிகள் திரும்பிப் பார்க்காத இரண்டாண்டுக் கல்லூரிகளிலிருந்து வீரர்களை எடுத்தார். பத்தாம் ஆண்டு, 1998-இல், முப்பது ஆண்டுகளில் முதல் முறையாக நெப்ராஸ்காவை வீழ்த்தினார். தோல்வியே இல்லாமல் கூட்டமைப்பின் இறுதிக்குப் போனார். அங்கே ஏ அண்ட் எம்மிடம் இரண்டு கூடுதல் நேரம் ஆடி 36-33 என்று தோற்றார். ஒரே தோல்வி! அதற்குத் தண்டனை? பெரிய பவுல் எதுவும் அழைக்கவில்லை. மறுபடியும் பாருங்கள், மன்னிப்பு யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று. ஆனாலும் அவர் விடவில்லை. 2003-இல் ஓக்லஹோமாவை 35-7 என்று நொறுக்கிப் பிக் 12 கூட்டமைப்பின் பட்டம் வென்றார். இன்று அந்த ஸ்டேடியமே அவர் குடும்பத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்னொருவர் கர்ட் சிக்னெட்டி. 2007-இல் அலபாமாவில் 92,000 பேர் ஒத்திகை பார்க்க வந்தார்கள் என்றேனே, அப்போது சேபனின் உதவியாளராக அங்கே இருந்தவர். அந்தச் சொகுசை விட்டுவிட்டு, சம்பளம் வெகுவாகக் குறைந்தாலும் பரவாயில்லை என்று, 2011-இல் பென்சில்வேனியாவின் ஒரு சிறிய இரண்டாம் பிரிவு அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். படிப்படியாக ஏறி, 2023-இன் இறுதியில், 62 வயதில் இண்டியானா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். இண்டியானா எப்படிப்பட்ட அணி? அதுவரை முதல் நிலைப் பிரிவின் வரலாற்றிலேயே அதிகத் தோல்விகளைச் சுமந்த அணி. முந்தைய பருவத்தில் மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. உங்களை எப்படி நம்பி வீரர்கள் வருவார்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் புகழ்பெற்றது: நான் ஜெயிப்பவன், கூகுளில் தேடிப் பாருங்கள்!

தேடிப் பார்த்தவர்கள் வந்தார்கள். முதல் ஆண்டு பதினொரு வெற்றி. இரண்டாம் ஆண்டு, 2025 பருவம், கூட்டமைப்பின் இறுதியில் ஒஹாயோ ஸ்டேட்டை 13-10 என்று வென்றார்கள். ரோஸ் பவுலில் அலபாமாவை 38-3 என்று வென்றார்கள். 2026 ஜனவரி 19, மயாமி நகரத்துப் பையனான குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா, தன் சொந்த ஊரில், மயாமி பல்கலைக்கழகத்தையே எதிர்த்து ஆடினார். 27-21! பதினாறு ஆட்டம், பதினாறு வெற்றி, தேசியப் பட்டம். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் முதல் புதிய பெயர்!

எது மாறியது? விதி மாறியது. 2018-இல், அணி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021-இல் வீரர்கள் ஓராண்டு காத்திராமல் அணி மாறலாம் என்றானது; தங்கள் பெயரால் பணம் ஈட்டலாம் என்றும் ஆனது. மற்றவர்கள் பதினேழு வயது நட்சத்திரங்களைத் துரத்தியபோது, சிக்னெட்டி இருபத்தொரு வயது, இருபத்திரண்டு வயது வீரர்களை எடுத்தார். களத்தில் என்ன செய்தார்கள் என்பதைப் பார்த்து எடுத்தார். மெண்டோசாவைப் பள்ளிக் காலத்தில் பெரிய அணிகள் சீந்தவில்லை. இன்னொன்றும் செய்தார்கள். 2025 அக்டோபரில், பெரிய அணிகள் பயிற்சியாளர் தேடத் தொடங்கிய நேரத்தில், இண்டியானா சிக்னெட்டிக்கு ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் தரும் எட்டாண்டு ஒப்பந்தம் போட்டது. யூ.சி.எஃப். இழந்ததை இண்டியானா இழக்கவில்லை.

அப்படியானால் எல்லோரும் இண்டியானா ஆகிவிடலாமா? கைதட்டலுக்காக ஆமாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இண்டியானா எங்கே இருந்தது? பிக் டென்னுக்குள் இருந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முதல் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தது. சாப்பிடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தது. முந்தைய பயிற்சியாளரை அனுப்ப ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் கொடுக்க முடிந்தது. அவர்களிடம் தவறு செய்யும் வசதி இருந்தது. இல்லாதது சரியான ஆள். ஓரிகன் ஸ்டேட்டுக்குச் சிக்னெட்டி போயிருந்தால் இந்தக் கதை இப்படி முடிந்திருக்குமா? முடிந்திருக்காது.

ஆகவே என் தீர்ப்பைச் சொல்லி அமர்கிறேன். பின்தங்கிய அணிகள் இரண்டு வகை. இடமும் பணமும் இருந்தும் பின்தங்கியவர்கள் ஒரு வகை. அவர்களுக்கு இனிச் சாக்கு இல்லை. இண்டியானா அந்தச் சாக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது. நல்ல ஆளைத் தேடுங்கள், கிடைத்தால் பிடித்து வையுங்கள், ஒன்பது வெற்றி கண்டவரை விரட்டாதீர்கள். இடமே இல்லாமல் பின்தங்கியவர்கள் இன்னொரு வகை. அவர்களுடைய குறை களத்தில் இல்லை. கான்ஃபரன்ஸ் அலுவலகத்தில் இருக்கிறது, தொலைக்காட்சி ஒப்பந்தத்தில் இருக்கிறது. 2024 முதல் பிளேஆஃப் பன்னிரண்டு அணிகளாக விரிந்தது நல்ல தொடக்கம். அந்தக் கதவை மறுபடி சாத்த யாராவது வந்தால் எதிர்த்துக் கேட்க வேண்டியவர்கள் சீட்டு வாங்கும் ரசிகர்கள்தான்.

பின்வரிசை இளைஞர்களே, உங்கள் பல்கலைக்கழகம் பெரியதாக இருக்கலாம், சிறியதாக இருக்கலாம். அடுத்த முறை ஒரு சிறிய அணி தோற்றால் சிரிப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: இந்த அணிக்கு எத்தனை தவறு செய்ய அனுமதி இருந்தது? ஒரு பெரிய அணி வென்றால் கைதட்டுவதற்கு முன்பும் அதே கேள்வியைக் கேளுங்கள். பிறகு தாராளமாகக் கைதட்டுங்கள்.